பக்கத்துல யாரு இருக்கா?

அமீர்பேட்டில் அந்த ஹோட்டல் அரங்கில் மைக் கைக்கு வந்தபோது பிரசன்னாவுக்கு அப்படியே எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. எதிரே வரிசை வரிசையாகப் பெற்றோர்கள். அவர்களுக்கு நடுவே, அடுத்த மாதம் விமானம் ஏறப்போகிற பிள்ளைகள். கிளாஸ்கோவில் அவன் எம்பிஏ படித்த பிசினஸ் ஸ்கூல் ஆண்டுதோறும் நடத்துகிற வழியனுப்புக் கூட்டம் அது. அவனுக்குக் கொடுத்திருந்த தலைப்பு, முன்னாள் மாணவர் வட்டத்தால் என்ன பயன் என்பது.

ஹைதராபாத் கிளைக்கு அவன்தான் செயலாளர். ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. ஒரு விருந்தில் 'யார் பொறுப்பெடுக்கிறீர்கள்' என்று கேட்டபோது மற்றவர்களெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவன் தலையை நிமிர்த்திவிட்டான்.

பயன் என்ன என்று அவனைத் தனியாகக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பான். படிப்பு முடிந்து விசா தீர்ந்துகொண்டிருந்த அந்தக் கடைசி மாதங்களில், அவன் எழுதாத முன்னாள் மாணவர் இல்லை. லண்டனில், துபாயில், சிங்கப்பூரில் பெரிய பெரிய நாற்காலிகளில் இருந்தவர்கள். பதில் போட்டவர்கள் எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். வாழ்த்துகளோடு அவன் ஊர் திரும்பினான். திண்டுக்கல்லில் இரண்டு மாதம் சும்மா கிடந்துவிட்டு, ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் சரக்கு வாங்கும் பிரிவில் சேர்ந்தான். ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் காலையில் பல் தேய்க்கும் முன் போனை எடுத்து வெளிநாட்டு வேலை விளம்பரங்களைப் புரட்டுகிறான். "உங்க உடம்பு இங்க இருக்கு, மனசு அங்க இருக்கு. ரெண்டுக்கும் சேத்து நான் ஒருத்திதான் சமைக்கிறேன்" என்பாள் மனைவி ஷோபா.

ஆனாலும் மேடையில் பேசத்தான் பேசினான். எந்த நாட்டுக்குப் போனாலும் நம்மவர் ஒருவர் இருப்பார், ஒரு மின்னஞ்சல் தூரத்தில் ஒரு கதவு திறக்கும் என்றெல்லாம். பேசப் பேச அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. முடித்துவிட்டு உட்காரப் போனபோது மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு.

"தமிழா சார் நீங்க? பேரைப் பாத்தேன். என் பேரு பக்தவத்சலம். ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவன். நாங்க வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து செகந்திராபாத்துதான். இவ ஒரே பொண்ணு, ஹர்ஷிதா." பக்கத்தில் இருந்த பெண் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, கூர்ச்சோ ப்ளீஸ்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் உட்காரவில்லை. "நீங்க சொன்ன வேலை, கம்பெனி எல்லாம் ஹவ், நல்லாத்தான் இருக்கு. அது எனக்கு நக்கோ, வேணாம். நான் கேக்கறது ஒண்ணுதான். எம்பொண்ணு அங்க ஒரு நாள் கீழ விழுந்தா யாரு வருவா?"

அரங்கம் சிரித்தது. பிரசன்னாவும் சிரித்தான். அந்தச் சிரிப்பின் வேகத்திலேயே, "நாங்க வருவோம் சார்" என்று சொல்லிவிட்டான். கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் அவர் வந்து அவன் எண்ணை வாங்கி, அங்கேயே ஒருமுறை அடித்துப் பார்த்து, அவன் சட்டைப் பையில் மணி அடித்த பிறகுதான் நகர்ந்தார்.

பைக்கில் வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல். நாங்க வருவோமாம். யார் அந்த நாங்க?

நவம்பர் கடைசியில் ஒரு மத்தியானம். தொழிற்சாலையில் வெளிநாட்டுத் தணிக்கைக் குழு வந்திறங்கி இரண்டாம் நாள். மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, யார் சோதித்தார்கள், எந்தக் கிடங்கில் இருந்தது என்று ஒவ்வொரு கேள்விக்கும் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான் பிரசன்னா. பையில் போன் அதிர்ந்தது. விட்டான். மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறை 'பக்தவத்சலம், ரயில்வே' என்ற பெயரைப் பார்த்ததும், மேலாளர் சுதர்சனிடம் கண்ணால் அனுமதி கேட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தான்.

"தம்பி, நான் பக்தவத்சலம். ஒரு நிமிஷம் கேளுங்க. இப்ப அங்கேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணா. இங்கிலீஷ்தான் பேசறா, ஆனா ஒரு எழவும் புரியல. ஹர்ஷிதான்னா, அது புரிஞ்சுது. அப்புறம் கடகடன்னு என்னமோ. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் 'ஷி இஸ் அவே டு தியேட்டர்'னா. அங்க இப்ப காலைல ஒன்பதரை. காலங்காத்தால இவ எந்தத் தியேட்டருக்குப் போனா? அதைச் சொல்லவா எனக்கு ஒருத்தி போன் பண்ணுவா? பாப்பா போனு சுவிச் ஆப்ல இருக்கு தம்பி."

அந்த ஊர்ப் பேச்சு பிரசன்னாவுக்கு மறக்கவில்லை. ஆளை அறுவை சிகிச்சைக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்பதை அப்படித்தான் சொல்வார்கள், பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறாள் என்பது போல.

"சார், சினிமா தியேட்டர் இல்ல. ஆபரேஷன் தியேட்டர். ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசியிருக்காங்க. ஹர்ஷிதாவ ஆபரேஷனுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"யாரைக் கேட்டு?" என்றார் பக்தவத்சலம்.

வந்த எண்ணை வாங்கி, அவரையும் இணைப்பில் வைத்துக்கொண்டு பிரசன்னா கிளாஸ்கோவுக்கு அடித்தான். ஆஸ்பத்திரியின் பொது எண் எடுத்தது. இசை போட்டுக் காக்க வைத்தார்கள். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். ஒரு நர்ஸ் வந்தாள். நீங்கள் யார் என்றாள். தகப்பனார் இணைப்பில் இருக்கிறார், அவருக்காக நான் பேசுகிறேன் என்று சொல்லி, பக்தவத்சலத்தையும் ஒரு 'யெஸ்' சொல்ல வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். குடல்வால் வெடித்துவிட்டது. விடியற்காலையில் ஹாஸ்டல் வாசலில் சுருண்டு விழுந்திருக்கிறாள். ஆம்புலன்ஸில் வந்தாள். இப்போது உள்ளே இருக்கிறாள். கையெழுத்து அவளே போட்டாள்.

"அவளோடு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டான் பிரசன்னா.

"இல்லை, யாரும் வரவில்லை."

அதை மட்டும் பக்தவத்சலம் நன்றாகவே புரிந்துகொண்டார். "தம்பி, உஷா ஸ்கூல்லேர்ந்து வர நேரம். அவளுக்கு நான் எப்படிச் சொல்லுவேன்? என்னால ஆவாது. நீங்க இங்க வந்துடுங்க தம்பி, நீங்க சொல்லிடுங்க" என்றார். அவர் மனைவி உஷா பள்ளிக்கூட ஆசிரியை என்பது அப்போதுதான் பிரசன்னாவுக்குத் தெரிய வந்தது.

முன்னாள் மாணவர்களின் வாட்சப் குழுவில் விவரத்தைப் போட்டான். உலகம் முழுக்க ஆள் இருக்கும் குழு. கிளாஸ்கோவில் யாராவது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா என்று கேட்டான். போட்ட கையோடு கும்பிடும் கைகள் வந்து விழ ஆரம்பித்தன. ஒருவர் பிரார்த்திக்கிறேன் என்றார். ஒருவர் இன்னொருவரின் பெயரைக் குறித்து இழுத்துவிட்டார். அந்த இன்னொருவர் டொரோண்டோவுக்குப் போய் வருஷமாகிறதாம். வேறொருவர் குடல்வாலுக்கு இப்போதெல்லாம் சின்னத் துளைதான் போடுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு கட்டுரையை ஒட்டினார். கல்லூரியின் மாணவர் உதவி அலுவலகத்துக்கு அடித்தான். பெண் ஒருத்தி பதறிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அங்கே பொறுப்பில் இருப்பவர்கள் ஒரு கூட்டத்தில் இருக்கிறார்கள், முடிந்ததும் யாரையாவது அனுப்பப் பார்க்கிறேன் என்றாள்.

கல்லூரி ஆப்பைத் திறந்து, கிளாஸ்கோ என்று போட்டுத் தேடினான். பெயர்கள் வந்தன. முதல் பெயர் சபீனா. படத்தில் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவன் விரல் அந்தப் பெயரைத் தாண்டி வேகமாகக் கீழே போயிற்று. தெரியாத நான்கைந்து பேருக்குச் செய்தி அனுப்பினான். ஒரு எண் மாறிப்போயிருந்தது. ஒருவர் தான் அலுவலக வேலையாக ஸ்பெயினில் இருப்பதாக வருத்தப்பட்டார். மறுபடி மேலே வந்தான். மறுபடி சபீனா. மறுபடி தாண்டினான்.

சுதர்சன் வராந்தாவுக்கே வந்துவிட்டார். "ஏமைந்தி பிரசன்னா? உள்ளே அவர்கள் கிடங்குக் கணக்கைக் கேட்கிறார்கள்" என்றார் தெலுங்கில்.

பிரசன்னா விஷயத்தைச் சொன்னான். இப்போதே செகந்திராபாத் போக வேண்டும் என்றான்.

"யார் அந்தப் பெண்? உங்கள் சொந்தமா?"

"இல்லை சார்."

"தெரிந்தவர்களா?"

"ஒருமுறை பார்த்திருக்கிறேன்."

சுதர்சன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபம்கூட வரவில்லை அவருக்கு, புரியவில்லை. "சாயங்காலம் முடிவுக் கூட்டம். நீங்கள் இல்லையென்றால் நான் என்ன பதில் சொல்வது?"

"எல்லாம் மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன் சார். மன்னியுங்கள்." சொல்லிவிட்டு, அவர் சரி என்கிறாரா இல்லையா என்று பார்க்காமலே படியிறங்கினான். இறங்கும்போதே தோன்றியது, பெரிய தப்பு பண்ணுகிறோமோ என்று. பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

பாலாநகரில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. லாரிகளுக்கு நடுவே நின்றபடி போனை எடுத்துப் பார்த்தான். குழுவில் இன்னும் கும்பிடும் கைகள்தான். போயன்பள்ளி வருவதற்குள் பக்தவத்சலம் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு மட்டும். 

சபீனாவைப் பற்றி நினைக்கக் கூடாது என்று நினைத்தான். நினைவு கேட்கவில்லை. அந்த வகுப்பில் தமிழ் பேசியவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அவள் உத்தமபாளையத்துக்காரி. சனிக்கிழமை தோறும் அவள் அறைச் சமையற்கட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சமைப்பார்கள். வெங்காயம் நறுக்குவது அவன் வேலை. கடைசியில் ஒரே கம்பெனியில், ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் கடைசிச் சுற்று வரை போனார்கள். அவளுக்குக் கிடைத்தது. சாயங்காலம் அவள் ஓடிவந்து சொன்னபோது, "அப்படியா?" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. ஊர் திரும்பும் நாளில் நான் காரில் கொண்டுவிடுகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் ஒரு மணி நேரம் முன்பே டாக்சி பிடித்துப் போய்விட்டான். அப்புறம் அவள் அனுப்பிய செய்திகளை அவன் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் அவை நின்றுபோயின.

மேற்கு மாரேட்பள்ளியில் ஒரு பழைய அடுக்ககத்தின் முதல் மாடி. கதவு திறந்தே கிடந்தது. பக்தவத்சலம் கூடத்தில் இல்லை. படுக்கையறையில் கட்டில்மேல் பெட்டியைத் திறந்துபோட்டு, ஒரு ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கம்பளி மப்ளர், அவருடைய பாஸ்போர்ட்.

"வாங்க தம்பி. ராத்திரி பிளைட்டு ஏதாவது இருக்கும்ல?"

"சார், விசா வேணுமே."

"எமர்ஜென்சிக்குக் கூடவா?"

பிரசன்னா தலையாட்டினான். அவர் ஸ்வெட்டரை மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். "கைக்கு, எதுக்கு அனுப்பினேன் நான்? இங்க காலேஜா இல்ல? உஷா வேணாம்னுதான் சொன்னா. நான்தான், போவட்டும், பெரிய ஆளா வரட்டும்னேன். உங்க மீட்டிங்குக்கு வந்தப்புறம் எனக்கு தைரியம் தம்பி. நீங்க வருவோம்னீங்க பாருங்க. அதைத்தான் உஷாட்ட வந்து சொன்னேன்."

அந்த அறையில் நிற்க முடியாமல் பிரசன்னா கூடத்துக்கு வந்தான். வந்த அதே நேரம் உஷா படியேறி வந்தாள். தோளில் பை, கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு. முன்பின் தெரியாத ஒருவன் தன் கூடத்தில் நிற்பதையும், உள்ளே பெட்டி திறந்து கிடப்பதையும் பார்த்தாள். பையை இறக்காமலே, "ஹர்ஷிதாவுக்கு என்ன?" என்றாள்.

பிரசன்னா சொன்னான். சுற்றி வளைக்கத் தெரியவில்லை அவனுக்கு. குடல்வால், வெடித்தது, ஆபரேஷன் நடக்கிறது, உயிருக்கு பயமில்லை என்கிறார்கள். கடைசியில் சொன்னது நர்ஸ் சொன்னதில்லை, அவனாகச் சேர்த்துக்கொண்டது.

உஷா அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் விடைத்தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பக்கத்துல யாரு இருக்கா?"

"காலேஜ்ல சொல்லியிருக்கேன்மா. எங்க குரூப்ல போட்டிருக்கேன். நிறைய பேருக்கு..."

"இல்ல தம்பி. கண் முழிக்கிறப்ப அவ பக்கத்துல யாரு இருப்பா? ஒரு பேரு சொல்லுங்க."

பிரசன்னா போனைப் பார்த்தான். இன்னும் இரண்டு கும்பிடும் கைகள் வந்திருந்தன. "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்கு வெளியே வந்தான். எண்ணைப் போடுவதற்கு முன் இரண்டு படி இறங்கினான், மறுபடி ஏறினான்.

மணி அடித்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்தான். எடுக்காமல் இருந்தால் தேவலை என்றும் ஒரு பாதி மனசு.

"ஹலோ?"

"சபீனா... நான் பிரசன்னா."

அந்தப் பக்கம் ரயில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எந்த பிரசன்னா?" என்றாள். பிறகு அவளே, "சொல்லு. குரலே சரியில்ல. என்ன ஆச்சு?" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நம்ம காலேஜ்ல படிக்கிற ஒரு பொண்ணு. செகந்திராபாத் பொண்ணு, ஹர்ஷிதான்னு பேரு. அப்பெண்டிக்ஸ் பர்ஸ்ட் ஆயிடுச்சு. தியேட்டர்ல இருக்கா. பக்கத்துல யாரும் இல்ல."

"உனக்கு என்ன வேணும்?"

"நீ போக முடியுமா?"

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னான்.

"நான் இப்ப எடின்பரா போய்ட்டிருக்கேன். பன்னெண்டு மணிக்கு அங்க ஒரு கஸ்டமர் மீட்டிங்." சத்தம் நின்றது, ரயில் ஏதோ நிலையத்துக்குள் போவது போலிருந்தது. அவள் யாரிடமோ ஆங்கிலத்தில் வழி விடச் சொன்னாள். "சரி, இறங்கிட்டேன். அடுத்த வண்டில திரும்பறேன். அவ அம்மா நம்பர் அனுப்பு. பொண்ணுக்கு என்ன மொழி வரும்?"

"தமிழ் புரியும். பதில் தெலுங்குல வரும், இல்ல இங்கிலீஷ்."

"சரி, வெச்சுடறேன்."

"சபீனா..."

"அப்புறம் பேசிக்கலாம். வண்டி பாக்கணும்." வைத்துவிட்டாள்.

பிரசன்னா உள்ளே போனான். "சபீனா" என்றான் உஷாவிடம். "என்கூடப் படிச்சவங்க. போய்ட்டிருக்காங்க."

உஷா தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு விடைத்தாளை எடுத்துத் திருத்தப் பார்த்தாள். சிவப்பு மை ஒரு இடத்திலேயே நின்று கசிந்தது. பக்தவத்சலம் பால்கனிக்கும் கூடத்துக்குமாக நடந்தார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு கேள்வி. அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வழி தெரியுமா? உள்ளே விடுவார்களா? துலுக்கப் பொண்ணா, தமிழா? தமிழ்தான் சார் என்றான் பிரசன்னா. "ஹவ், ஹவ், அதெல்லாம் ஒண்ணுமில்ல, பேசறதுக்குக் கேட்டேன்" என்று அவரே வெட்கப்பட்டுக்கொண்டார்.

பிரசன்னாவாலும் உட்கார முடியவில்லை. யாரும் கேட்காமலே சமையலறைக்குப் போய் டீ போட்டான். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நாலு டப்பாவைத் திறந்தான். தொழிற்சாலையில் இந்நேரம் முடிவுக் கூட்டம் ஆரம்பித்திருக்கும். சுதர்சனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. திறக்கவில்லை.

வெளியே இருட்டத் தொடங்கியபோது பக்தவத்சலம் வீட்டு விளக்குகளையெல்லாம் போட்டார். அப்போது உஷாவின் போன் மணி அடித்தது. தெரியாத வெளிநாட்டு எண். உஷா எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, நான் சபீனா பேசறேன். பிரசன்னாவோட கிளாஸ்மேட். ஆபரேஷன் முடிஞ்சுடுச்சும்மா. நல்லபடியா முடிஞ்சுது. ஆனா லேட்டா வந்திருக்கா, உள்ள சீழ் பரவியிருந்துச்சாம், கழுவியிருக்காங்க. ஒரு வாரம் ஆஸ்பத்திரிலயே இருக்கணும். இப்ப வார்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். மயக்கம் இன்னும் சரியாத் தெளியல. வீடியோல பாக்கறீங்களா?"

திரையில் முதலில் ஒரு திரைச்சீலை தெரிந்தது, பிறகு வெள்ளைத் தலையணை, பிறகு ஹர்ஷிதா. உதடு வறண்டு, முகம் சின்னதாகிப் போயிருந்தது. சபீனாவின் கை அவள் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கியது.

"பாப்பா" என்றாள் உஷா.

ஹர்ஷிதா கண்ணைத் திறந்து தேடினாள். "அம்மா... ஏடவொத்து" என்றாள், அழாதே என்று. உண்மையில் அங்கே அழுதுகொண்டிருந்தவர் பக்தவத்சலம்தான். உஷாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்க. ஹர்ஷிதா அவரைப் பார்த்துவிட்டு, "அப்பா, ப்ளீஸ்" என்றாள். அமீர்பேட் அரங்கில் சொன்ன அதே எரிச்சல்தான், கொஞ்சம் பலமில்லாமல்.

"நேத்தே வலிச்சுதாம்மா?" என்று கேட்டாள் உஷா.

"டூ டேஸ்" என்றாள் பெண். "ஹேட் எ டெஸ்ட். ஐ தாட், கேஸ் ட்ரபிள்." அவ்வளவுதான் முடிந்தது. கண் சொருகிவிட்டது.

சபீனா போனைத் தன் பக்கம் திருப்பினாள். களைத்திருந்தாள். கோட்டின் தோளெல்லாம் மழை ஈரம். "தூங்கட்டும்மா. பார்வையாளர் நேரம் முடியற வரைக்கும் நான் இருப்பேன். நாளைக்கும் வருவேன்" என்றாள். உஷாவுக்குப் பின்னால் நின்றிருந்த பிரசன்னா அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒரு கணம் பார்த்தாள்.

அன்றைக்குப் பிறகு காரியங்கள் மெல்லத்தான் ஒழுங்குக்கு வந்தன. மறுநாள் கல்லூரி அலுவலகத்தார் பழக்கூடையோடு போனார்கள். கும்பிடும் கைகள் போட்டவர்களில் இரண்டு பேர், யாரும் எதிர்பார்க்காமல், உண்மையாகவே வந்து நின்றார்கள். ஒருவர் காரில் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தாராம். ஹர்ஷிதாவுக்கு ஒருநாள் காய்ச்சல் திரும்பியது. அன்று பக்தவத்சலம் பிரசன்னாவைத் தூங்கவிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் சபீனா அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போனாள். ஹாஸ்டல் அறை மூன்றாவது மாடி, லிப்ட் வேறு இல்லை என்றாள். விட்டுப்போன பரீட்சையை மறுபடி எழுத அனுமதி கிடைத்தது. உஷா விசா வாங்கிப் புறப்படுவதற்குள், அம்மா நீ வர வேண்டாம், நான் நடக்கிறேன் என்று பெண்ணே சொல்லிவிட்டாள்.

தொழிற்சாலையில் பிரசன்னாவை யாரும் திட்டவில்லை. தணிக்கை ஒருவழியாகத் தேறிவிட்டது. ஆனால் ஏற்றுமதிப் பிரிவுக்கு மாற்றுகிறோம், ஜெர்மனிக்கும் துருக்கிக்கும் போய்வர வேண்டியிருக்கும் என்று அதுவரை அவனிடம் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சை சுதர்சன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். பிரசன்னாவுக்கு அது வலித்தது. யார் அந்தப் பெண் என்று சுதர்சன் கேட்டபோது வேறு மாதிரி பதில் சொல்லியிருக்கலாமோ என்று பைக்கில் போகும்போதெல்லாம் தோன்றியது. ஆனால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சபீனா கூப்பிட்டாள். வீட்டு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான். ஹர்ஷிதா அன்று ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னாள். போகும்போது குளிர்சாதனப் பெட்டி நிறைய புளிக்குழம்பு செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாளாம், அது வாயில் வைக்க முடியவில்லையாம். சிரித்தார்கள்.

"அன்னைக்கு உன் ரூமுக்கு வந்தேன், தெரியுமா?" என்றாள். "கதவைத் தட்டிட்டே இருந்தேன். எதிர் ரூம் பையன்தான் வந்து, அவன் அப்பவே போயிட்டான்னான்."

"தெரியும். அப்படித்தான் நடந்திருக்கும்னு தெரியும்."

"ஏன் போன?"

மடித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பிரசன்னா மாடிச் சுவர் ஓரமாக நடந்தான். "உன் முகத்தைப் பாக்க முடியல. உனக்குக் கெடச்சதுல எனக்கு சந்தோஷமே வரல. அதைக் காட்டிக்காம அரைமணி நேரம் கார்ல உக்கார முடியாதுன்னு தோணுச்சு."

"ம்."

"தப்புதான்."

"தப்புதான்" என்றாள் அவளும். பிறகு, "நீ போனதுக்கு அடுத்த மார்ச்சுல எங்க டீம்ல இன்னொரு இடம் வந்துச்சு பிரசன்னா. யாரையாவது தெரியுமான்னு மேனேஜர் கேட்டாரு. உன் பேரைத்தான் சொன்னேன். அவரும் உன்னை இன்டர்வியூல பாத்தவருதான, வரச் சொல்லுன்னாரு. உனக்கு எழுதினேன். ரெண்டு வாரம் பாத்துட்டு வேற ஆள் எடுத்தாங்க."

பிரசன்னா நின்றுவிட்டான். கீழே தெருவில் யாரோ ஆட்டோவைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது இருமி இருமி நின்றது.

"விசா கெடச்சிருக்குமோ என்னமோ. நீ வந்திருப்பியோ மாட்டியோ" என்றாள். "இதைச் சொல்லலாமா வேணாமான்னு அந்த வார்டுல உக்காந்துட்டே யோசிச்சேன். சொல்லாம இருந்தா அது வேற என்னை அரிக்கும். அதான் சொல்லிட்டேன்."

"சொன்னது நல்லது" என்றான். ஆறு வருஷமாக அத்தனை பேரையும் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். ஒருத்தி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "வேலை நல்லா இருக்கா?" என்று கேட்டான், அசட்டுத்தனமாக.

"போன வாரம் பாதிப் பேரை அனுப்பிட்டாங்க. நான் இன்னும் இருக்கேன். எத்தனை நாளைக்குன்னு தெரியல" என்றாள் சாதாரணமாக. "ஜீடிமெட்லால ஆள் எடுத்தா சொல்லு."

விளையாட்டுக்குச் சொன்னாளா என்று கேட்பதற்குள், வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

துணிகளோடு கீழே இறங்கினான். ஷோபா கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "யாரு இவ்ளோ நேரம்?" என்றாள்.

"சபீனா. அங்க என்கூடப் படிச்சவ."

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாங்கன்னு சொன்னீங்களே, அவங்களா? அவங்கள முன்னாடியே தெரியுமா உங்களுக்கு? ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே."

பிரசன்னா துணிகளை நாற்காலியில் போட்டான். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு பட்டாணிக் காயை எடுத்துப் பிளந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தான். வெங்காயம் நறுக்கிய சனிக்கிழமைகளிலிருந்து ஆரம்பித்தான்.